பல்லாரி ஏற்றக் கூடாது

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் புல்லட் எஞ்சினை இறக்கினால் துக்க வீட்டுக் களை வந்துவிடும். அப்பா சவரம் செய்துகொள்ள மாட்டார். மண்டிக்கு அன்று வரவேண்டிய சரக்கு வராது. அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சாப்பிடக் கூப்பிடுவாள். பக்கத்துத் திண்ணைகளில் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள், கை நிற்காமலே, “என்னக்கா, வண்டி படுத்துட்டாமே?” என்று விசாரிப்பார்கள். அம்மாவும் விட்டுக்கொடுக்காமல், “ஆமா, நேத்து ராத்திரியே ஒரு மாதிரிதான் இருந்துச்சு” என்பாள்.

அதே எஞ்சினை அதே வீட்டில் இப்போது மறுபடி இறக்கினோம். விசேஷ வீடு தோற்றது. தென்காசியிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒருவர் குடும்பத்தோடு வந்து, க்ராங்க் கேஸ் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கலந்து அலுத்துப்போன என் மனைவி, “தாம்பூலப் பை ஒண்ணுதாங்க பாக்கி” என்றாள்.

வண்டி 1974 மாடல், 350. சுரண்டை அப்போது பேரூராட்சி, திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போனோம், 2021-ல் நகராட்சி ஆனோம். இத்தனைக்கும் நாங்கள் வீடு மாறவில்லை. வண்டியும் தொழுவத்தை விட்டு நகரவில்லை.

புல்லட் எங்கள் ஊருக்கு வந்த கதை ஊர் அறிந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு உரம் மிக்க வண்டி தேடிய இந்திய இராணுவம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டைத் தேர்ந்தெடுத்தது. ரெடிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன, பாகங்களையும் இங்கேயே வார்த்தார்கள். இங்கிலாந்தில் 1970-ல் கடையைக் கட்டிவிட்டார்கள். 1977-ல் திருவொற்றியூர்க்காரர்கள் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். சொல்லிக்கொடுத்தவன் பிள்ளைக்கே பாடம் எடுப்பது என்பது இதுதான்.

இராணுவத்துக்காக வந்த வண்டியை எங்கள் பக்கத்தில் வெங்காயத்துக்குப் பயன்படுத்தினார்கள். வீரகேரளம்புதூர், சாம்பவர் வடகரை, சுந்தரபாண்டியபுரம் என்று தோட்டம் தோட்டமாகப் போய் விலை பேசி, பின்னால் இரண்டு பல்லாரி மூட்டை, டேங்கின் மேல் ஒரு முருங்கைக்காய்க் கட்டு என்று அப்பா திரும்புவார். கேரளாவுக்குப் போகும் லாரிக்கு முன்னால் சரக்கு வந்து சேர வேண்டும். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில் தெரிந்த கணக்கு. அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: எத்தனை மூட்டை இழுக்கும்? நாங்களும் ஒரு கணக்கு வைத்திருந்தோம். சத்தம் தெருமுனை திரும்புவதற்குள் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும்.

எஞ்சின் வேலை என்றால் பட்டறை அண்ணாச்சிதான். வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் ஊர் பார்க்கும், மதிப்புக் குறையும் என்று அப்பா அவரை வீட்டுக்கே வரவழைப்பார். தொழுவத்தை ஒட்டிய வேப்பமரத்தடியில் பல்லாரிச் சாக்கை விரித்து அதன்மேல் எஞ்சின். நட்டு, வாஷர், சர்க்ளிப் எல்லாம் தேங்காய்ச் சிரட்டைகளில். எந்தச் சிரட்டையில் எது என்பது அண்ணாச்சிக்கு மட்டும் தெரியும். கோழி ஒன்று சிரட்டையைக் கவிழ்த்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் பேசிக்கொள்ள மாட்டோம். கழுவுவதற்கு ரேஷன் மண்ணெண்ணெய். அடுப்புக்கு வைத்திருந்ததை எடுத்துவிட்டார்கள் என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, “வே, நாளைக்குச் சந்தை வே. எப்பம் தருவீரு?” என்று மணிக்கொரு தரம் கேட்பார். அண்ணாச்சி பதில் சொல்ல மாட்டார். வாயில் பீடியும் கையில் ரிங் ஸ்பானரும் இருக்கும்போது அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

எனக்குக் கிடைத்த வேலை வால்வு அரைப்பது. வேறெதையும் தொட விடமாட்டார்கள். வால்வு முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைத் தடவி, சீட்டில் உட்கார வைத்து, ரப்பர் கிண்ணம் ஒட்டிய குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து இடமும் வலமும் உருட்ட வேண்டும். தொடக்கத்தில் சரக் சரக்கென்று மணல் நெரிகிற சத்தம் வரும். உருட்ட உருட்டச் சத்தம் மெலிந்து, கடைசியில் ஒரு வழவழப்பு மட்டும் கைக்குத் தெரியும். துடைத்துப் பார்த்தால் சுற்றிலும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். அண்ணாச்சி அதை நம்ப மாட்டார். ஹெட்டைச் சாய்த்து வைத்துப் போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது வால்வு ஓரத்தில் ஈரம் கசிந்திருந்தால், ஒன்றும் சொல்லாமல் குச்சியை என் கையில் திணிப்பார். அந்தக் காலத்தில் இதற்குப் பெயர் குழந்தை வளர்ப்பு. இன்றைக்கு இதையே கோடை முகாம் என்று அறிவித்து ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கலாம்.

தொண்ணூறுகளில் வண்டிக்கு வேலை குறைந்தது. மினி லாரிகள் வந்தன. என்ஃபீல்டே டாரஸ் என்ற பெயரில் டீசல் புல்லட்டை விற்றது. மண்டிக்காரர்கள் கண் அந்தப் பக்கம் போயிற்று. அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. 346 சிசியைக் கிக்கர் மிதித்து எழுப்ப முழங்கால் வேண்டும். வண்டி தொழுவத்தில் ஓரங்கட்டப்பட்டது. முதலில் சாக்குப் போட்டு மூடினோம். பிறகு அதன்மேல் ஈரத்துணி காயப்போட்டோம். மாடுகள் போன பின்பும் அது நின்றது. எடைக்குப் போடச் சொன்னவர்களில் இன்று அதனோடு படம் எடுத்துக்கொண்ட உறவினரும் உண்டு.

இந்த நிலையில்தான் என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்தான். மென்பொருள் வேலை, பாதி மாதம் வீட்டிலிருந்தே. தொழுவத்தில் விளக்கைப் போட்டுப் பார்த்தவன், “மாமா, இது காஸ்ட் அயர்ன்!” என்று கத்தினான். தங்கம் இருந்ததோ என்று என் மனைவி ஓடிவந்தாள். இரும்பு பேரல் போட்ட இந்தப் பழைய எஞ்சினைப் புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய பிறகு கம்பெனி கைவிட்டுவிட்டது. 2010 வாக்கில் அதன் கதை முடிந்தது. ஆகவே அதற்கு மவுசு. அவனிடம் அதே கம்பெனியின் கிளாசிக் 350 இருக்கிறது. புது எஞ்சின், பட்டன் ஸ்டார்ட், ஆனால் தோற்றம் மட்டும் ஐம்பதுகளின் வண்டி. புதுசைப் பழசு போலச் செய்து விற்கிறார்கள். அதை வாங்கியவர்கள் பழசைப் புதுசாக்க ஆசைப்படுகிறார்கள். நடுவில் நிற்பது என் போன்ற ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கரும்பலகையில் வரைந்தே பணிக்காலத்தை முடித்தவன்.

அவன் இதற்கு ‘ப்ராஜெக்ட்’ என்று பெயர் வைத்தான். அட்டவணை போட்டான். ‘ஃபேஸ் ஒன்: டிஸ்அசெம்ப்ளி’ என்று அதில் எழுதியிருந்தது. அண்ணாச்சி காலத்தில் அதற்கு ‘பிரிச்சுப் போடு’ என்று பெயர், பத்து நிமிஷ வேலை.

ஒரு தடைதான் இருந்தது. அவனுக்கு விடுப்பு குற்றாலம் சீசனில்தான் கிடைத்தது, அதாவது ஆடியில். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று எங்கள் ஊர்க் காட்டில் காற்றாலைகளைச் சுழற்றுவதும், வீடுகளில் புழுதியை இறைப்பதும் அப்போதுதான். பட்டறை அண்ணாச்சி ஆடியில் எஞ்சினைப் பிரிக்கவே மாட்டார். அம்மா அதை ஆடி மாதத்துச் சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் காரணம் வேறு. பிஸ்டன் ரிங்குக்கும் பேரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை செம்மண் போதும், புது போர் கோடு விழுந்து புகை தள்ள ஆரம்பித்துவிடும். காற்றோடு சாரலும் வந்தால், கழுவித் துடைத்த இரும்பில் மறுநாள் காலை துரு பூத்திருக்கும்.

மருமகன் இதற்கும் வழி வைத்திருந்தான். முன்னறையில் இரட்டைக் கட்டில் கொசுவலையைக் கட்டினான். உள்ளே ரப்பர் விரிப்பு, மேலே எல்இடி விளக்கு, நடுவில் எஞ்சின். அப்பாவின் சாக்கு எங்கே, இந்த மரியாதை எங்கே! வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் கொசுவலை கிடையாது என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

சிரட்டைக்குப் பதில் ஜிப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒட்டுச் சீட்டு, அதில் எண். கழுவ மண்ணெண்ணெய் கேட்டபோது ரேஷன் கடையில் சிரித்தார்கள். கேஸ் இணைப்பு உள்ள அட்டைக்கு அது இல்லை. டீசல் வாங்கிக் கழுவினோம்.

ஹெட்டைத் தூக்கியதும் முதல் செய்தி பிஸ்டன் தலையில் இருந்தது. கரியைச் சுரண்டினால் ‘40’ என்று குத்தியிருந்தது. இரும்பு பேரல் தேயத் தேய அதைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதலில் இருபது, பிறகு நாற்பது, கடைசியாக அறுபது. எல்லாம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. அறுபதுக்கு மேல் போனால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். எத்தனை ஆயிரம் மூட்டைகள் அந்தச் சிலிண்டரை நாற்பது வரை தின்றன என்று எனக்குத் தோன்றியது. மருமகனுக்கு, “சூப்பர் மாமா, இன்னும் ஒரு போர் இருக்கு” என்று தோன்றியது. அவன் எண்ணம்தான் பயனுள்ளது.

இரண்டாவது செய்தி டைமிங் கவருக்குள் இருந்தது. கவரை ரப்பர் சுத்தியால் தட்டி எடுத்தோம். பேக்கிங் பாதி கவரிலும் பாதி கேஸிலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த நாளில் பேக்கிங் கடையில் கிடைத்தாலும் வாங்க மாட்டார்கள். கெட்டியான அட்டையை கேஸ் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரமெல்லாம் தட்டிக்கொண்டே வந்தால் அட்டை தானே வெட்டுப்பட்டு அச்சாக வரும். போல்ட் ஓட்டைகளுக்குப் பால்ரஸ் குண்டை வைத்து ஒரு தட்டு. எந்த அட்டை என்பது வீட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் அந்தச் சமயம் கல்யாணப் பத்திரிகை இருந்திருக்கிறது. ஆயிலில் ஊறிப் பழுப்பேறிய அட்டையில் பொன்னிற எழுத்து அழியவில்லை. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, போல்ட் ஓட்டை ஒன்றைத் தாண்டி, மணமகள் பெயரின் பின்பாதி தெரிந்தது.

“மாமா, இது அம்மா பேரு மாதிரி இருக்கே?” என்றான் மருமகன்.

அவன் அம்மாவின் பெயரேதான். என் தங்கையின் கல்யாணப் பத்திரிகை. இத்தனை வருஷமாக ஆயில் ஒழுகாமல் காத்திருக்கிறது. வீடியோ அழைப்பில் அவளுக்குக் காட்டினோம். அவள் நெகிழ்வாள் என்று மருமகன் எதிர்பார்த்துப் பதிவு செய்துகொண்டிருந்தான். அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். “ஏண்ணே, பாவூர்சத்திரத்து அத்தை வீட்டுக்குக் குடுக்கப் பத்திரிகை பத்தல, தீந்துபோச்சுன்னு அப்பா சொன்னாவளே! அத்தை கடைசி வரைக்கும் எங்கூடப் பேசலயே!” என்றாள். அந்தப் பதிவை அவன் எங்கும் போடவில்லை.

இப்போது பேக்கிங் செட் உறை பிரிக்காமல் கூரியரில் வருகிறது. உள்ளே எதுவும் எழுதியிருக்காது.

கூரியர் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டுக்குச் சாமான் தேடினால் முன்பு சென்னைப் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்புவார்கள். இப்போது மருமகன் விலைப்பட்டியல் பார்ப்பது இங்கிலாந்தின் ஹிட்ச்காக்ஸ் கடையில். என்ஃபீல்டு பாகங்களுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற இடம். வழிகாட்டி நூல் கனடாக்காரர் பீட் ஸ்னைடல் எழுதியது. திருவொற்றியூரில் செய்து, சுரண்டையில் ஓடி, தொழுவத்தில் நின்ற வண்டியைப் பிரிக்கக் கனடாவில் எழுதிய புத்தகத்தை எல்இடி வெளிச்சத்தில் கொசுவலைக்குள் இருந்து படித்தோம். நல்ல புத்தகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அண்ணாச்சி பீடிப் புகைக்குள் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவர் விளக்கமாக எழுதியிருக்கிறார்.

ஆனாலும் க்ராங்க் விஷயத்தில் எங்களுக்குப் பயம் வந்தது. அண்ணாச்சியை அழைத்து வரலாம் என்று போனோம். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. வீடு அதன் பின்னால்தான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த நாளில் வேப்பமரத்தடியில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவரைக் காரில் அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்து, ஹார்லிக்ஸ் கொடுத்தோம். மருமகன் அவரை ‘கன்சல்டன்ட்’ என்று அறிமுகம் செய்தான். அவர் கொசுவலையைப் பார்த்தார்.

“யாருக்குத் தம்பி காய்ச்சல்?” என்றார்.

கனெக்டிங் ராடின் பெரிய முனையில் அந்தக் கால புல்லட்டுக்கு உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ்தான். ஆயில் படலத்தின் மேலேயே சுற்றும். ஆயில் சுத்தமாக, தடையில்லாமல் வரும் வரைக்கும் அது நன்றாக உழைக்கும். நின்றுவிட்டால் ராடு தட்ட ஆரம்பிக்கும். இப்போது அந்த இடத்தில் ரோலர் பேரிங் மாட்டுவதுதான் வழக்கம். மருமகனும் ரோலர் என்று முடிவுகட்டியிருந்தான். அண்ணாச்சி ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் அசைந்ததைக் கண்டுகொள்ளவில்லை, செங்குத்தாக அசைகிறதா என்பதை மட்டும் பார்த்தார். பிறகு டைமிங் கவரைக் கேட்டு வாங்கினார். அதில் க்ராங்க் முனைக்கு ஆயில் போகும் சின்னக் குழாயில் ஒரு கார்க் வளையம் உண்டு. அதை நகத்தால் நெருடினார். பொடிந்து உதிர்ந்தது.

“நூறு ரூவா பெறாத இந்தக் கார்க்க மாத்தாம, ஆயிரக்கணக்குல ரோலரு என்னத்துக்கு? பல்லாரி ஏத்தப் போறியளா?”

“இல்லை, அண்ணாச்சி.”

“அப்பம் புஷ்ஷே போதும்.”

மருமகன் அட்டவணையில் ஒரு வரியை அடித்தான். கன்சல்டன்ட் கட்டணம் எவ்வளவு என்று கேட்டபோது அவர், “ஒங்க தாத்தா எனக்குப் பதினஞ்சு ரூவா பாக்கி” என்றார். எனக்கும் அது நினைவில் இருந்தது. வட்டி போட்டுக் கொடுத்தோம்.

வீட்டிலேயே எஞ்சினைச் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறோமே ஒழிய, அதில் பாதி லேத்துப் பட்டறையில் நடந்தது. போர் கடைவதும், ஃப்ளைவீல்களைப் பிரித்துப் பூட்டி ஓட்டம் பார்ப்பதும் வீட்டில் ஆகிற காரியம் அல்ல. அண்ணாச்சி காலத்தில் லேத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில் க்ராங்கைச் சுழலவிட்டுச் சாக்கட்டியை நீட்டுவார்கள். எந்தப் பக்கம் வெள்ளை விழுகிறதோ அந்தப் பக்கம் செப்புச் சுத்தியால் ஒரு அடி. இப்போது டயல் கேஜ் வைத்து அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு ஓட்டம் வரைக்கும் பார்க்கிறார்கள். சுத்தி மட்டும் அதே சுத்தி.

வால்வை நான்தான் அரைத்தேன். மருமகன் டிரில் மெஷினில் மாட்டி அரைக்கும் வீடியோ ஒன்றைக் காட்டினான். அரசு ஊழியனாக இருந்த நாளில் எத்தனையோ சுற்றறிக்கைகளைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தவன் நான். இதையும் வைத்தேன்.

பூட்டும்போது மனதுக்குப் பிடித்த இடம் டாப்பெட். புல்லட்டில் அதற்கு அளவு கேஜே வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் மேலே நிற்க வேண்டும். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுழற்றினால் லேசாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. விரலுக்குத் தெரிவதுதான் அளவு. ஃபீலர் கேஜ் செட் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருந்த மருமகனுக்கு இது பெரிய ஏமாற்றம். பாயிண்ட்டுக்காவது தேவைப்பட்டதே என்று ஆறுதல் அடைந்தான். அங்கே இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள்.

டைமிங் வைக்க இன்னொரு கூத்து. பிஸ்டன் உச்சிக்குப் போவதற்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால் பாயிண்ட் விலகத் தொடங்க வேண்டும். விலகும் அந்தக் கணத்தைப் பிடிக்க சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பிடிப்பார்கள். தாள் நழுவியதும் அதுதான் இடம். எங்கள் வீட்டில் இப்போது யாரும் புகைப்பதில்லை. தாளுக்காக நான் கடையில் போய் சிகரெட் பெட்டி கேட்டேன். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவனுடைய கடை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சாருக்கா?” என்றான். அன்று மாலைக்குள் சேதி என் மனைவிக்கு வந்துவிட்டது.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலில் வளர்ந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் போயிற்று. 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டருக்குள் பச்சையாகப் படியும். தினமும் ஓட்டினால் இந்தத் தொல்லை பெரிதாக இராது. தினமும் ஓட்டத் தேவையில்லாதவர்கள்தான் இந்த வண்டியை வைத்திருக்கிறார்கள். ஆகவே ஓட்டி முடித்த பிறகு பெட்ரோலை வடித்துவிட வேண்டும் என்பது இப்போதைய சாஸ்திரம். அப்பா டேங்கைச் சாய்த்துச் சாய்த்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டுவார்.

எஞ்சின் பூட்டி முடிந்து சட்டத்தில் ஏறியது. ஸ்டார்ட் செய்யும் முறையை அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். கிக்கரை மெதுவாக அழுத்து, ஆம்பியர் முள் இடப்பக்கம் விழுந்து நடுவுக்கு வரும் இடத்தில் நிறுத்து, டிகம்ப்ரஸரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியைத் தாண்டவிடு, இப்போது மிதி. மருமகன் டிகம்ப்ரஸரை மறந்துவிட்டு மிதித்தான். கிக்கர் திருப்பி அடித்ததில் நொண்டிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தான். அடுத்து நான் மிதித்தேன். எழுந்தது. வெளிமூச்சுக் குழாய் வழியே ஒரு கை ஆயில் தெறித்து, ‘விண்டேஜ்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த அவன் சட்டையில் விழுந்தது. அண்ணாச்சி ஸ்குரு டிரைவரின் நுனியைக் க்ராங்க் கேஸிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “ராடு சத்தம் இல்ல. கொசுவலைய அவுத்திரலாம்” என்றார்.

பிறகு ஆவண வேலை. அதுதான் உண்மையான எஞ்சின் வேலை என்பேன். ஐம்பது வயது தாண்டிய, அதிகம் மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. விண்டேஜ் வண்டியாகப் புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பதிவு பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிபவற்றுக்கு எண்ணின் நடுவில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். அப்பா வண்டியை வாங்கிய விலையே அந்த 20,000-த்தைவிடக் குறைவு. ஆனால் என்னைக் கவர்ந்தது கட்டணம் அல்ல. இப்படிப் பதிந்த வண்டியைச் சாலையில் வழக்கமாக ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், பெட்ரோல் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டும் வெளியே எடுக்கலாம். வணிகப் பயன்பாடு கூடவே கூடாது.

அப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார், கோபப்பட்டிருப்பார். அவர் காலத்தில் அந்த வண்டி பெட்ரோல் நிரப்பவும் பழுதுபார்க்கவும் போன நேரமெல்லாம் நஷ்டக் கணக்கு. மூட்டை ஏற்றியது மட்டும்தான் வரவு. இப்போது நஷ்டக் கணக்கெல்லாம் அனுமதி, வரவு மட்டும் குற்றம்.

நாங்கள் விண்டேஜுக்குப் போகவில்லை. சாதாரணப் பதிவையே தகுதிச் சான்று வாங்கிப் புதுப்பித்தோம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். என் வயதில் டாக்டரிடம் இன்னும் அடிக்கடி போகிறேன்.

ரன்னிங்கில் விட வேண்டும் என்பதால் வேகம் பிடிக்காமல் குற்றாலம் வரைக்கும் போய் வந்தோம். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பது மருமகனுக்குப் பழகவில்லை. பிரேக் என்று நினைத்து இலஞ்சி விலக்கில் கியரை மாற்றினான். அதற்குப் பிறகு நான்தான் ஓட்டினேன். ஐந்தருவிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் குளிக்க வந்தவர்களில் பாதிப்பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். சென்னையிலிருந்து கிளாசிக்கில் கூட்டமாக வந்திருந்த பையன்களில் ஒருவன் வண்டியை வலம் வந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டான்:

“அங்கிள், இந்தக் கிளாசிக்ல கியர் ஏன் ராங் சைடுல வச்சிருக்கீங்க?”

அப்பா இந்த இடத்துக்கு இதே வண்டியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருவார். யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வெங்காய நாற்றம் காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது வண்டி ஓடுகிறது. ஞாயிறுதோறும் சாம்பவர் வடகரை வரைக்கும் போய்த் திரும்புகிறேன். போன வாரம் திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் பல்லாரி மலிவாகக் கிடைத்தது. ஒரு மூட்டை வாங்கிப் பின்னால் கட்டினேன். சாதாரணப் பதிவு என்பதால் சட்டப்படி குற்றமில்லை. மருமகன்தான் பெயிண்ட் கீறிவிட்டது என்று மூன்று நாள் பேசவில்லை.

ஒரு குறை பாக்கி. வலப்பக்க டூல் பாக்ஸ் மூடி கிடைக்கவில்லை. புதிதாக அடித்து விற்கும் தகடு பொருந்துகிறது, ஆனால் கனம் போதாது, ஓட்டத்தில் கடகடவென்று ஆடுகிறது. சுரண்டை, ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் யார் வீட்டுத் தொழுவத்திலாவது எழுபதுகளின் புல்லட் சாமான் கிடந்தால் பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன்னால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மூடி இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எடை விலைக்கு மேலேயே தருகிறேன்.